நடுப்பந்து ஆடுகிறது: ஒரு படிக மாதிரிப் பெட்டியின் மதிப்புரை

உலோகத்தின் அடர்த்தி என்றாலே எனக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். 22 வருடம் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். துண்டைக் காற்றில் நிறுக்க வேண்டும், மெல்லிய கம்பியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும், ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழியைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும், தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முப்பது துண்டு. அறிக்கையில் என் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கும்: கோட்பாட்டு அடர்த்தி. அதை அட்டவணையைப் பார்த்து எழுதிவிடுவேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அண்ணன் மகள்தான் கேட்டாள். படிக்கும் பாடத்தில் திண்மநிலை வந்திருக்கிறது. அந்தக் கோட்பாட்டு அடர்த்திக்கான சூத்திரம் மனப்பாடம்: அலகுக்கூட்டிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையை அணு நிறையால் பெருக்கு, அதை அவகாட்ரோ எண்ணும் விளிம்பின் கனமும் சேர்ந்த பெருக்கலால் வகு. அலகுக்கூடு என்பது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம், அவகாட்ரோ எண் ஒரு மோலிலுள்ள அணுக்களின் எண்ணிக்கை, கனம் என்றால் மூன்று முறை பெருக்கியது. ஒப்பிக்கச் சொன்னால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். "ஆனா அத்தை, எஃப்.சி.சி.க்கு ஏன் 4? படத்துல எண்ணினா 14 பந்து இருக்கே" என்றாள். எஃப்.சி.சி. என்பது முகப்பு மையக் கனசதுரம்: மூலைக்கு ஒன்றாக 8, முகத்துக்கு ஒன்றாக 6. எண்ணியது சரிதான். ஒரு மூலையை எட்டுக் கூடுகளும் ஒரு முகத்தை இரண்டு கூடுகளும் பகிர்கின்றன என்று வாயால் சொன்னேன். தலையாட்டினாள். புரிந்து ஆட்டிய தலை இல்லை அது.

அதற்காக வாங்கியதுதான் இந்தப் படிக மாதிரிப் பெட்டி. ஏறக்குறைய இதே அச்சில் வேறு வேறு பெயர்களில் நிறைய வருகின்றன என்பதால் நான் வாங்கியதன் பெயரைச் சொல்லிப் பயனில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எது உதவியது, எது காலை வாரியது என்று மட்டும் சொல்கிறேன்.

மேல் தட்டில் சின்னப் பந்துகளும் குச்சிகளும். கீழ்த் தட்டில் மூன்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள், மூடியோடு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டிப் பந்துகள். அதே பந்தைப் பாதியாகவும் எட்டில் ஒன்றாகவும் வெட்டியது போல வார்த்த துண்டுகள். அறுங்கோண அமைப்புக்கு ஓர் அடித்தட்டு. உலோகத்துக்கு ஒன்றாகச் சில தகவல் அட்டைகள். ஒரு சின்னக் கையேடு.

குச்சி மாதிரியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. பார்க்க அழகு. பெட்டியின் மேல் அச்சிட்ட படமும் அதுதான். அணுக்களை எண்ணலாம், அமைப்பின் பெயரைச் சொல்லலாம், அவ்வளவே. பந்துகள் ஒன்றுக்கொன்று எட்ட நிற்பதால் எது எதைத் தொடுகிறது என்பது தெரியவே தெரியாது. அடர்த்திக் கணக்கில் பாதிப் பிள்ளைகள் வழுக்குவது அங்கேதான். விளிம்பைக் கொடுக்காமல் அணு ஆரத்தைக் கொடுத்துவிட்டால், எந்தத் திசையில் பந்துகள் தொடுகின்றன என்று தெரிந்தால்தான் விளிம்பைக் கண்டுபிடிக்க முடியும். எளிய கனசதுரத்தில் விளிம்போடு தொடுகின்றன, எனவே விளிம்பு இரண்டு ஆரம். பொருள் மையக் கனசதுரமான பி.சி.சி.யில் உள் மூலைவிட்டத்தோடு தொடுகின்றன. அந்த மூலைவிட்டம் நான்கு ஆரம். முகப்பு மையமான எஃப்.சி.சி.யில் முகத்தின் மூலைவிட்டத்தோடு தொடுகின்றன. இங்கே அதுதான் நான்கு ஆரம். குச்சி மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு என் மருமகள் மூன்றுக்குமே விளிம்பு இரண்டு ஆரம் என்று எழுதிவிட்டாள். குச்சி விளிம்போடுதானே ஓடுகிறது, அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தட்டை மூடி வைத்துவிட்டோம். இன்றுவரை திறக்கவில்லை.

கீழ்த் தட்டுக்குத்தான் நான் கொடுத்த காசு.

எஃப்.சி.சி. பெட்டியின் அடி மூலைகளில் நான்கு எட்டில் ஒரு துண்டு, அடியின் நடுவில் ஓர் அரைப் பந்து, நான்கு சுவர்களிலும் சாய்த்து நான்கு அரைப் பந்து, மேலே மறுபடி நான்கு மூலைத் துண்டு, நடுவில் கடைசி அரைப் பந்து. மூடியைப் போட்டால் பசை இல்லாமல், காந்தம் இல்லாமல் தானாகவே நிற்கிறது. ஒவ்வொரு துண்டையும் பக்கத்துத் துண்டுகள் தாங்கிக்கொள்கின்றன. குலுக்கினேன், சத்தமே இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் கொட்டி, எட்டு மூலைத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு பந்து, ஆறு அரைகளைச் சேர்த்தால் மூன்று பந்து என்று அவளே மேசையில் உருட்டி வைத்தாள். "நாலு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

கையேட்டில் இல்லாத ஒன்றையும் செய்தோம். பழக்கதோஷம், எதைப் பார்த்தாலும் நிறுத்துப் பார்க்கத் தோன்றும். ஒரு முழுப் பந்து 15.0 கிராம். விட்டத்திலிருந்து கன அளவு 14.14 கன சென்டிமீட்டர், ஆகவே அந்த பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.06. எஃப்.சி.சி. பெட்டியின் துண்டுகள் மொத்தம் 59.9 கிராம். பெட்டியின் உள்விளிம்பு வெர்னியர் அளவுகோலில் 42.4 மில்லிமீட்டர், கன அளவு 76.2 கன சென்டிமீட்டர். அப்படியானால் இந்தப் 'பொம்மை உலோகத்தின்' அடர்த்தி 0.786. இதைப் பந்தின் அடர்த்தியால் வகுத்தால் 0.74. பாடப் புத்தகத்தில் எஃப்.சி.சி.யின் பொதிவுத் திறன், அதாவது பந்துகள் நிரப்பும் இடம், 74 சதவீதம் என்று இருக்கிறதே, அதே எண் தராசிலிருந்து வந்து நின்றது. பையும் (π) வர்க்கமூலமும் போட்டு நிரூபித்தபோது முகத்தில் வராத ஒரு பிரகாசம் அப்போது வந்தது. அவள் முகத்தில் மட்டும் இல்லை.

எளிய கனசதுரப் பெட்டி சின்னது, உள்விளிம்பு 30 மில்லிமீட்டர், எட்டு மூலைத் துண்டுகள் மட்டும். இதில் ஒரு வேடிக்கை. கீழ் நான்கும் உட்காரும், மேல் நான்கும் நிற்காது. ஒவ்வொன்றும் கீழ்த் துண்டின் ஒரு புள்ளியில் மட்டும் நிற்க வேண்டியிருப்பதால் உள்பக்கம் சரிந்து நடுவில் விழுந்துவிடும். ஒட்டுப் பட்டை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். சாதாரண நிலையில் இந்த அமைப்பில் இருக்கும் ஒரே தனிமம் பொலோனியம். ஈர்ப்பு விசையில் துண்டு சரிவதற்கும் அணுப் பிணைப்புக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நான்காவது முறை துண்டு சரிந்தபோது, மற்ற உலோகங்கள் இதை ஏன் வேண்டாம் என்றன என்று புரிந்தது போலத்தான் இருந்தது. இங்கே பந்து நிரப்பும் இடம் 52 சதவீதம்தான், மீதி வெறும் வெளி.

இனி பி.சி.சி. பெட்டி. தலைப்பு இதனால் வந்தது.

எட்டு மூலைத் துண்டு, நடுவில் ஒரு முழுப் பந்து. எண்ணிக்கை 2, இதில் சிக்கல் இல்லை. மூடியைப் போட்டுவிட்டு என் மருமகள் காதருகே குலுக்கினாள். "அத்தை, நடுப்பந்து ஆடுது." ஆடக் கூடாது. பி.சி.சி.யில் நடுப்பந்து எட்டு மூலைகளையும் தொட்டுக்கொண்டு இறுகி நிற்க வேண்டும். வெர்னியரை எடுத்தேன். 30 மில்லிமீட்டர் பந்துக்கு விளிம்பு 34.64 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கையேட்டிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டியோ 36.0. மூன்று திசையிலும் அளந்தேன், 36.0. யாரோ வசதிக்காக முழு எண்ணாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, இதற்கென்ன என்று தோன்றலாம். நிறுத்துப் பாருங்கள். துண்டுகள் 30.0 கிராம், 36.0-இன் கனம் 46.7 கன சென்டிமீட்டர், அடர்த்தி 0.643. பந்தின் அடர்த்தியால் வகுத்தால் 61 சதவீதம். வர வேண்டியது 68. விளிம்பில் 4 சதவீதம் பிசகினால் அடர்த்தியில் ஏறக்குறைய 11 சதவீதம் போய்விடுகிறது, ஏனென்றால் விளிம்பு கனத்தில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ் கதிர் வைத்து விளிம்பை அளப்பவர்கள் ஏன் நான்காவது இலக்கம் வரை மல்லுக்கட்டுகிறார்கள் என்று இந்தப் பழுதான பெட்டி சொன்ன அளவுக்கு, பழுதில்லாத எஃப்.சி.சி. பெட்டி சொல்லவில்லை. தயாரித்தவர்களுக்கு அதற்காக மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

சரி செய்வது எளிது. 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தகட்டை ஆறு சதுரமாக வெட்டி, மூடி உட்பட ஆறு சுவர்களிலும் உள்ளே ஒட்டினோம். இப்போது 34.6. குலுக்கினால் சத்தமில்லை, நிறுத்தால் 68 சதவீதம். ஒரு மாலை போனது. போனால் போகட்டும்.

இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பெட்டிகளுக்கும் சேர்த்து மூலைத் துண்டுகள் எட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றைக் கட்ட வேண்டுமானால் இன்னொன்றைப் பிரிக்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதானே இந்தப் பெட்டியின் பயனே! இன்னும் 16 துண்டு போட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? குச்சிகளைக் குறைத்துவிட்டு இதைக் கொடுத்திருக்கலாம்.

தகவல் அட்டைகளுக்கு வருகிறேன். பெரும்பாலானவை நன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அமைப்பு, விளிம்பு நீளம், அணு நிறை. விடை பின்பக்கம். செம்பு அட்டையைப் போட்டுப் பார்த்தோம். விளிம்பு 361.5 பிக்கோமீட்டர். இங்கே பிள்ளைகளுக்கு ஒரு சுருக்கு வழி சொல்லித் தருகிறேன், கையேட்டில் இது இல்லை. பிக்கோமீட்டரைச் சென்டிமீட்டராக்கி, பத்தின் அடுக்கு மைனஸ் 30 என்று எழுதி, அதை அவகாட்ரோ எண்ணின் 23-ஓடு கூட்டிக் கழித்து அல்லாட வேண்டாம். விளிம்பை ஆங்ஸ்ட்ராமில் (100 பிக்கோமீட்டர்) எழுதிக்கொள்ளுங்கள்: 3.615. அதன் கனம் 47.24. அதை 0.6022-ஆல் பெருக்கினால் 28.45. அடுக்குகள் எல்லாம் தமக்குள் அடித்துக்கொண்டு போய்விடும். மேலே 4 பெருக்கல் 63.546, அதாவது 254.18. வகுத்தால் 8.93 கிராம், ஒரு கன சென்டிமீட்டருக்கு. என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு செம்புத் துண்டு கிடக்கிறது. அதைப் பழைய முறையில் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தேன்: 8.91. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதினாள். 22 வருடம் நான் நிரப்பிய அந்த இரண்டு கட்டங்கள்.

இரும்பு இன்னும் துல்லியம். பி.சி.சி., விளிம்பு 2.8665 ஆங்ஸ்ட்ராம், 2 பெருக்கல் 55.845, விடை 7.874. கையேடுகளில் இருக்கும் எண்ணும் அதேதான். அலுமினியம் 4.0495-இல் 2.70. தங்கம் 4.078-இல் 19.29. ஒவ்வொரு அட்டைக்கும் அவள் வேகம் கூடிக்கொண்டே போனது. அதுதான் ஆபத்து.

டங்ஸ்டன் அட்டையை எடுத்தாள். பி.சி.சி., அணு நிறை 183.84, விளிம்பு நீளம் 137 பிக்கோமீட்டர். கடகடவென்று போட்டு, "237 கிராம்" என்று எழுதிவிட்டு அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினாள். நான் பேனாவைப் பிடுங்கிவிட்டேன். ஒரு கன சென்டிமீட்டருக்கு 237 கிராமா! தனிமங்களிலேயே அடர்த்தி கூடிய ஆஸ்மியம் 22.59தான். அதற்கு அடுத்த இரிடியம் 22.56. இந்த இரண்டில் எது முதல் என்று தீர்த்துவைத்ததும் நாம் போடுகிற இதே கணக்குதான். அவ்வளவு நெருங்கிய இரண்டை எக்ஸ் கதிரில் அளந்த விளிம்பை வைத்துத்தான் பிரித்தார்கள். அப்படியிருக்க, 237 என்று ஒரு பொருள் இருக்கவே முடியாது.

தப்பு எங்கே? 137 டங்ஸ்டனின் அணு ஆரம். அச்சுக் கோத்தவர் ஆரத்தை எடுத்து விளிம்பு என்ற இடத்தில் போட்டுவிட்டார். நான்கு ஆரத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் விளிம்பு 316.4 வருகிறது, உண்மையான 316.5-க்கு அருகில். அதைப் போட்டால் 19.3, அட்டையின் பின்பக்க விடையும் அதுதான். அவள் திருப்பிப் பார்க்கவே இல்லை. பிழையான அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னாள், நான் விடவில்லை. அதன் மேல் "எண் வந்ததும் கையில் தூக்கிப் பார்" என்று எழுதி வைத்திருக்கிறேன். தராசில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கூச்சம் தானாகவே இருக்கும், 20-க்கு மேல் ஏதாவது வந்தால் கை நின்றுவிடும். கால்குலேட்டருக்கு அது கிடையாது.

கையேட்டில் அவகாட்ரோ எண் 6.023 × 10²³ என்று இருக்கிறது. 2019 முதல் அது 6.02214076 × 10²³ என்று வரையறையாகவே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது, நம் கணக்கை அது கெடுக்காது. இருந்தாலும் புதுப்பித்திருக்கலாம், குறிப்பாக இந்தப் பெட்டியில். ஏனென்றால் அந்த எண்ணையே இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டும் அளந்தார்கள். சிலிக்கன்-28 என்ற ஒரே ஐசோடோப்பை ஏறக்குறைய முழுவதுமாகச் செறிவாக்கி, ஒற்றைப் படிகமாக வளர்த்து, சுமார் ஒரு கிலோ எடையில் பளபளவென்று ஒரு கோளமாகக் கடைந்தெடுத்தார்கள். கோளத்தின் விட்டத்தை அளந்தால் கன அளவு, நிறுத்தால் அடர்த்தி, எக்ஸ் கதிரில் விளிம்பு, கூட்டுக்கு 8 அணு என்பது அமைப்பிலேயே தெரியும். மீதியிருப்பது அவகாட்ரோ எண் ஒன்றுதான். சிலிக்கன் உலோகம் இல்லை, கணக்கு அதே கணக்கு.

ஆரம்பத்திலும் இப்படித்தான். 1913-இல், எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராய்ந்த பிராக் தந்தையும் மகனும் கல் உப்பின் அணு இடைவெளியைச் சொன்னபோது, அடர்த்தி அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த எண். அதிலிருந்துதான் நீளத்துக்குப் போனார்கள். மகன் லாரன்ஸ் அடுத்த வருடமே செம்பின் அமைப்பையும் சொல்லிவிட்டார். கல் உப்பை யாரோ ஒருவர் முன்பே கவனமாக நிறுத்து வைத்திருந்தார் என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். அதற்குப் பதில் வண்ணம் தீட்டப் படம் கொடுத்திருக்கிறார்கள்.

அறுங்கோண அமைப்பு. மக்னீசியம், துத்தநாகம் அட்டைகள் இதற்கு. அடித்தட்டில் முளைகளில் ஏழு பந்து, நடு அடுக்கில் மூன்று, மேலே ஏழு. இதற்குச் சுவர் கிடையாது. முதலில் கஞ்சத்தனம் என்று நினைத்தேன், யோசித்தால் வேறு வழியில்லை. நடு அடுக்கின் மூன்று பந்துகளும் அறுங்கோணப் பட்டகத்தின் சுவரைத் தாண்டி வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். அதே அளவு, பக்கத்துக் கூட்டின் பந்துகள் இந்தக் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கும். கணக்கு நேராகிவிடும்: மூலைகள் 12, ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2, மேலும் கீழும் இரண்டு அரை, அதாவது 1, நடுவில் 3. மொத்தம் 6. 'நடுவில் மூன்றும் முழுசாக உள்ளே' என்று கையேடு சொல்வது படத்துக்கே பொருந்தவில்லை, நேரில் பார்த்தால் பொய் என்று தெரிகிறது. எண் மட்டும் சரி.

துத்தநாகத்தில் இன்னொரு பாடம். கெட்டிப் பந்துகளை இப்படி அடுக்கினால் உயரத்துக்கும் அடிவிளிம்புக்கும் உள்ள விகிதம் 1.633 வரும், மாதிரியும் அப்படியே இருக்கிறது. மக்னீசியம் 1.624, கிட்டத்தட்ட அதுவே; அதன் அளவுகளைப் போட்டால் 1.74 என்று ஒழுங்காக வருகிறது. துத்தநாகம் 1.856. ஓர் அச்சில் இழுத்து விட்டது போல நீண்டிருக்கிறது. மாதிரியை நம்பி அடிவிளிம்பு 2.665 ஆங்ஸ்ட்ராமை மட்டும் எடுத்து உயரத்தை 1.633-ஆல் கணக்கிட்டால் அடர்த்தி 8.1 வருகிறது. உண்மையான உயரம் 4.947-ஐப் போட்டால் 7.14. நான் எத்தனையோ துத்தநாகத் துண்டுகளைத் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறேன், 8.1-ஐக் கண்டதே இல்லை. அட்டையில் இரண்டு அளவையும் கொடுத்திருக்கிறார்கள், அதனால் தப்பித்தோம்.

பந்து மாதிரியின் எல்லை எது என்று இரும்பில்தான் நன்றாகத் தெரியும். 912 டிகிரி செல்சியஸில் இரும்பு பி.சி.சி.யிலிருந்து எஃப்.சி.சி.க்கு மாறுகிறது. நம் பெட்டிகளின்படி 68-லிருந்து 74, அதாவது அடர்த்தி சுமார் 9 சதவீதம் கூட வேண்டும். நிஜத்தில் கன அளவு சுருங்குவது ஏறக்குறைய 1 சதவீதம்தான். மருமகள் இதைக் கேட்டதும், "அப்போ பெட்டி பொய்யா அத்தை?" என்றாள். பெட்டி பொய் இல்லை, பந்து கெட்டி. அணு அப்படி இல்லை. எட்டுப் பேர் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் பன்னிரண்டு பேர் வந்து தொடும்போது அணு கொஞ்சம் விரிந்து கொடுக்கிறது. ஆரம் மாறாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு வழுக்கும்; அந்த வெப்பநிலையில் விளிம்பை அளந்து போட்டால் வழுக்காது. கையேடு இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

இன்னொன்றும் கையேட்டில் சேர்க்க வேண்டியது: இப்படிக் கணக்கிடுவது பழுதே இல்லாத படிகத்தின் அடர்த்தி. வார்ப்பில் நுண்துளை இருக்கும், பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த பாகத்தில் இடைவெளி இருக்கும். அதனால்தான் பொடி உலோகப் பாகங்களுக்குக் கோட்பாட்டு அடர்த்தியில் இத்தனை சதவீதம் என்று அறிக்கை எழுதுவார்கள். நான் எழுதிய அறிக்கைகளில் பாதி அதுதான். தண்ணீரில் வந்த எண் கணக்கில் வந்ததைவிடக் குறைந்தால் உள்ளே ஏதோ காலியாக இருக்கிறது என்று அர்த்தம்; கூடினால் பெரும்பாலும் நான் குமிழியைக் கவனிக்கவில்லை, இல்லை துண்டு வேறு உலோகம். குமிழி துண்டைத் தூக்கிப் பிடித்து எண்ணைக் குறைக்கத்தானே செய்யும் என்று மருமகள் உடனே மடக்கினாள். அவள் சொன்னது சரி. கூடினால் துண்டுதான் வேறு, இல்லையென்றால் தராசு.

பெட்டியை வாங்கலாமா? குச்சி மாதிரி மட்டும் உள்ள மலிவுப் பதிப்பை வாங்காதீர்கள், அடர்த்திக் கணக்குக்கு அது உதவவே உதவாது. வெட்டுத் துண்டும் பெட்டியும் உள்ளதை வாங்குங்கள். கூடவே 0.1 கிராம் காட்டும் ஒரு தராசும் வெர்னியரும் வேண்டும், இல்லையென்றால் பாதிப் பயன்தான். வந்ததும் முதல் வேலையாக மூன்று பெட்டிகளையும் அளந்து பாருங்கள், அட்டைகளில் விளிம்பும் ஆரமும் இடம் மாறியிருக்கிறதா என்று பின்பக்க விடையோடு ஒத்துப் பாருங்கள். துண்டுகளின் வார்ப்பு அருமை. எட்டு மூலைகளையும் சேர்த்து நிறுத்தால் முழுப் பந்தின் எடை 0.1 கிராம் வித்தியாசத்தில் வருகிறது. மூடிதான் இறுக்கம், நகம் பெயர்கிறது.

பி.சி.சி. பெட்டியைப் பற்றி விற்றவர்களுக்கு எழுதினேன், வெர்னியரோடு படமும் எடுத்து அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் மாற்றுப் பெட்டி அனுப்பிவிட்டார்கள். போன வாரம் வந்தது. மருமகள்தான் பிரித்தாள், பிரித்த கையோடு அளந்தாள்.

"எவ்வளவு?"

"36.1. பரவால்ல அத்தை, தகடு மீதி இருக்கு."